சிங்கப்பூரிலிருந்து வர நேரமாகும்

ஒருவர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவே இல்லை என்றால், அது அவருக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஐந்து வருஷமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. குழந்தைக்குப் பால் காய்ச்சும்போதும் வருகிறது, துணி உலர்த்தும்போதும் வருகிறது. என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "வேணும்னா கேக்க மாட்டாங்களா? நீ ஏன் போட்டுக் குழப்பிக்கிற?" என்பார். பீபிக்கை அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பீபிக் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு வருஷம் அவரும்தான் குடியிருந்தார். ஆனாலும் தெரியாது.

பீபிக் என்பது பெயரில்லை. மலாக்காவில் நாங்கள் முதலில் குடியிருந்த காஜா பெராங்கில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. நான் அவருக்குத் தங்கச்சி. அவருக்குத் தெரிந்த ஏழெட்டுத் தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. அவர் மலாக்காச் செட்டி, எப்போதோ வந்து குடியேறிய தமிழ் வணிகர் வழி. அவர்கள் நம்மைப் போலவே விபூதி பூசுவார்கள், கோயிலில் நம் பக்கத்தில்தான் நிற்பார்கள். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அவர் அதில் பேசுவார், நான் பாதி தமிழும் பாதி மலாயுமாகப் பதில் சொல்வேன். இங்கே எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன். ஓரிரண்டு சொற்களை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

அவற்றில் முதலாவது "அம்பிக் லா". எடுத்துக்கோ என்று அர்த்தம். நாங்கள் குடிவந்த அன்று சாமான் ஏற்றிய லாரி வந்து சேரவில்லை. நான் வெறும் வீட்டில், கல்யாணப் புடவைப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். வேலி ஓரமாக, சாரோங்கும் கெபாயாவும் உடுத்திய ஒரு பெண்மணி கரி அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுப்பில் கரி எரிந்துகொண்டிருந்தது. எரிகிற அடுப்பை ஒருவர் அப்படியே இரவல் கொடுத்து நான் பார்த்ததில்லை. "அம்பிக் லா," என்றார். "நீங்க சமைக்க வேணாமா?" என்றேன். "எனக்குப் பசி இல்ல," என்றார். அது உண்மையா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பிறகு அம்மி. எங்கள் அம்மி லாரியிலிருந்து இறக்கும்போது உடைந்துபோனதால் அவருடையதை வாங்கினேன். இன்று கொடுக்கலாம், நாளை கொடுக்கலாம் என்று ஒரு மாதம் ஓடியது. அவர் தினமும் வேலி ஓரம் வருவார். பசாரில் மீன் விலை சொல்வார், என் புடவைக் கரையைத் தொட்டுப் பார்ப்பார், போய்விடுவார். ஒரு நாள் மூன்றாவது வீட்டுப் பின்கட்டில் அவர் குனிந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு முகம் எரிந்தது. அம்மியை நானும் பீபிக்குமாகத் தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்தோம்.

"கேட்டிருக்கலாமே பீபிக்?"

"எதுக்குக் கேக்கணும்? நீ அரைச்சுக்கிட்டுத்தானே இருந்த."

"உங்களுக்கு வேணுமில்ல?"

"கல்லு எங்க ஓடிடப் போகுது, தங்கச்சி."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அவர் வேலி ஓரம் வந்து நின்றால், அவருடைய எது என் வீட்டில் இருக்கிறது என்று மனதுக்குள் தேடுவேன். குடையா, தேங்காய்த் துருவியா, பள்ளிக்கூட விழாவுக்கு வாங்கிப் போன கெபாயா ஊசியா. அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மீனுக்குத்தான் வந்தாரோ, ஊசிக்குத்தான் வந்தாரோ. பல நாள் அவர் வெறும் பேச்சுக்குத்தான் வந்திருப்பார். நான்தான் உள்ளே ஓடிப்போய் எதையாவது எடுத்துவந்து நீட்டுவேன். "அய்யோ, இதுக்கா வந்தேன்?" என்று சிரிப்பார். வாங்கிக்கொள்வார்.

அவர் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்கியது. கரித்தூளில் வரைந்த ஒரு ஆளின் முகம். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். ஏறிய நெற்றி. எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திய வாய். அது அவர் வீட்டுக்காரர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. இருந்த ஒரே கல்யாணப் புகைப்படமும் ஒரு வெள்ளத்தில் ஊறி, வெறும் அட்டையாகிவிட்டது.

அப்படியானால் இந்தப் படத்தை எதைப் பார்த்து வரைந்தார்கள்? இதை அவர் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டே எனக்குச் சொன்னார். சண்டை முடிந்த பிறகு, டவுனில் ஒரு சீனப் படக்காரரிடம் போயிருக்கிறார். சின்னப் புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக வரைந்து கொடுப்பது அவர் தொழில். "படம் இல்லாம எப்படி வரையறது?" என்று அவர் கையை விரித்திருக்கிறார். பீபிக் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் படக்காரர் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். வரையக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வாங்காத புகைப்படங்கள் அதில் கிடந்தன. அதிலிருந்து இவர் பொறுக்கினார். மூக்கு ஒரு சீன முதலாளியுடையது. நெற்றி, யாரோ ஒரு தமிழ் ஆள், தோட்டத்துச் சட்டை போட்டவர். புருவத்தை வாயால் சொன்னார். காதுக்கு ஒன்றும் சரிப்படவில்லை. அதனால் கொழுந்தனாரை அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, அவர் காதைப் பார்த்து வரையச் சொன்னார். அண்ணன் தம்பி காது ஒன்றுபோலத்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு. அழித்து அழித்து வரைந்ததில் காதுப் பக்கம் தாள் மெலிந்திருப்பது வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

கொழுந்தனார் இரண்டு வீடு தள்ளி இருந்தார். வேடிக்கை மனிதர். அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் தன் காதைத் தொட்டுக்கொண்டு, "வாடகை எப்ப வரும் பீபிக்?" என்பார்.

நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "படம் அவர் மாதிரியே இருக்கா பீபிக்?"

அவர் படத்தைப் பார்த்தார். "மொதல்ல இல்ல," என்றார். "இப்ப அவர் இப்படித்தான்."

இனி என் பங்கு வருகிறது. கல்யாணத்துக்கு முன் நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்தேன். தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கட்டும் டிரசரின் மகளுக்கு அது பெரிய காரியம். அங்கே மாடியில் ஒரு கலைக்கூடம் இருந்தது. சனிக்கிழமைகளில் போய், கண்காட்சிப் படங்களுக்குக் கீழே ஒட்டும் சீட்டுகளை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பேன். வெள்ளைச் சுவர், உயரமான ஜன்னல், செருப்புச் சத்தம்கூடக் கேட்கும் அமைதி. அதைப் போல் ஒரு இடம் என் வாழ்க்கையில் பிறகு கிடைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அமைதி எங்கிருந்து வரும்?

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் கலைக்கூடப் பொறுப்பாளர் எனக்குக் கடிதம் எழுதினார். புது நாட்டின் வீடுகளில் தொங்கும் முகப்படங்களை வைத்து ஒரு கண்காட்சி போடப் போகிறார்களாம். பேர்போன ஓவியர்கள் வரைந்தவை வேண்டாம், தெருப் படக்காரர்கள் வரைந்தவைதான் வேண்டும், மலாக்காவில் அப்படி ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரே படம். எழுதிப்போட்டேன். எழுதாமல் இருந்திருக்கலாம்.

பொறுப்பாளர் நேரில் வந்தார். மெல்லப் பேசும் சீனர். பீபிக்கின் முன்னறையில் காப்பி ஆறும்வரை படத்தின் முன் நின்றார். பிறகு என்னிடம் கேட்கச் சொன்னார், இரண்டு மாதத்துக்குத் தருவார்களா என்று. நான் கேட்டு முடிக்கவில்லை, பீபிக் ஸ்டூலில் ஏறிவிட்டார்.

"பொறுங்க பீபிக், யோசிச்சுச் சொல்லுங்க. பார்ச்சு வருது," என்றேன்.

பார்ச்சு என்பது பொங்கலுக்கு முதல் நாள் அவர்கள் முன்னோருக்குப் படைப்பது. அன்று படத்தை இறக்கித் துடைத்து, பாயில் வரிசையாகப் போட்ட இலைகளின் தலைமாட்டில் வைப்பார். அது அவர் வீட்டுக்காரர் உட்காரும் இடம்.

"அதுக்குள்ள வந்துடும்ல?"

"வந்துடும். ஜனவரி முதல் வாரமே வந்துடும். நான் பொறுப்பு," என்றேன்.

"அப்புறம் என்ன. அம்பிக் லா."

ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. படத்தில் இருப்பவர் பெயர் என்று ஒரு கோடு. பேனாவோடு நிமிர்ந்தேன். பீபிக் தரையைப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டார். செட்டிமார் வீட்டிலும் நம் வீட்டிலும் அது ஒன்றுதான். நானும் என் வீட்டுக்காரர் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை, இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை, பாருங்கள். படித்தவள்தான். ஆனாலும் கணவன் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒரு பெண்ணை வற்புறுத்த எனக்கு நா எழவில்லை. கொழுந்தனாரைக் கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். அவர் அந்த வாரம் மூவாருக்குப் போயிருந்தார். பொறுப்பாளருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோட்டை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். பிறகு கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் கண்காட்சிக்குப் போனோம். எனக்கு அப்போது ஐந்து மாதம். அந்த மாடிப்படிகளில் நின்று நின்று ஏறினேன். படத்தைத் தனியாக ஒரு சுவரில் மாட்டியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. பீபிக் வீட்டில் பார்த்த முகமா இது என்று இருந்தது. கீழே சீட்டு. "பெயர் தெரியாத மனிதர், மலாக்கா."

படிவத்தில் நான் அந்தக் கோட்டை வெறுமையாக விட்டதன் பலன் அது. நான் எழுதிக் கொடுத்த எத்தனையோ சீட்டுகளில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

எதிரே பெஞ்சில் ஒரு தமிழ்ப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சலவைத் தொழில் செய்கிற கைகள், விரல் நுனி வெளுத்துச் சுருங்கி இருந்தது. பொறுப்பாளர் என் காதோரம் சொன்னார், மூன்று வாரமாக ஞாயிறுதோறும் வருகிறார் என்று. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க மலாக்காவா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"ஆமாங்க."

"இது என் தம்பி," என்றார். "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. மலாக்காப் பக்கம் தோட்டத்துல இருந்தான். பேரு தெரியலன்னு எழுதியிருக்காங்களாம், படிச்சவங்க சொன்னாங்க. எனக்குத் தெரியுமே."

"எப்படிங்க அடையாளம் தெரிஞ்சது?"

"நெத்தி," என்றார். கையை உயர்த்தித் தன் நெற்றி மேல் வைத்துக் காட்டினார். "அப்பாவோட நெத்தி. பாருங்க, எனக்கும்."

அந்த நெற்றி தகரப் பெட்டியிலிருந்து வந்தது. தோட்டத்துச் சட்டை போட்ட ஒரு தமிழ் ஆள். வரையக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து வாங்காதவர். அது இவர் தம்பி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தம்பிதான் என்று மட்டும் எப்படித் தெரியும்? அந்தப் படம் பிறந்த கதையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து எங்கே போவார் என்று பயந்தேன். "நல்ல முகம்," என்று மட்டும் சொன்னேன். "சாப்டீங்களா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புறப்படும்போது பொறுப்பாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கண்காட்சி முடிந்தபின் இந்த ஒரு படத்தை மட்டும் இன்னும் சில காலம் வைத்துக்கொள்ளலாமா, அந்தப் பெண்மணிக்காக. உரிமையாளரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். ஊர் திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் தூங்கினார். நான் பீபிக்கிடம் பேச வேண்டிய வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்றும் தேவைப்படவில்லை. வேலி ஓரமாகவே எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியைச் சொன்னேன், சீட்டைச் சொன்னேன், என் தவற்றையும் சொன்னேன். பீபிக் கோழிக்குப் போட வைத்திருந்த அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவளுக்கு வேற படம் இருக்கா?"

"இல்லையாம்."

"புள்ளைங்க?"

"தனியாத்தான் இருக்காங்களாம்."

"எப்படி வர்றா அங்க? நடந்தா?"

"பஸ்ல. ஞாயித்துக்கிழமை."

அரிசியைக் கோழிகளுக்கு வீசினார். "அப்ப இருக்கட்டும்," என்றார்.

"பீபிக், பார்ச்சு வருதே. நான் வாக்குக் கொடுத்திருக்கேன். உங்களுக்கு வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே எழுதிடறேன்."

"இருக்கட்டும்னு சொன்னேன்ல. அவர் எங்க ஓடிடப் போறார்."

அம்மியைப் பற்றிச் சொன்ன அதே குரல்தான். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்த வருஷம் பார்ச்சுக்கு என்னையும் கூப்பிட்டார். பிற்பகலில் பாய் விரித்து ஏழு இலை போட்டார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு, புளியிட்ட மீன், கத்திரிக்காய்ச் சம்பல், அவர் வீட்டுக்காரருக்குப் பிடித்த பலகாரம், ஓர் ஓரமாக ஒரு சுருட்டு. தலைமாட்டில் படம் இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்து, வெறுமையாக விட்டிருந்தார். சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இறந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், உயிரோடிருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவைத் தட்டித் திறப்பார்கள். அதன் பிறகுதான் நமக்குச் சாப்பாடு.

அக்கம்பக்கத்து வீடுகளில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தட்டுச் சத்தம் கேட்டது. பீபிக் வாசலில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"தெறக்கலாமா?" என்றார் கொழுந்தனார்.

"பெலும்," என்றார் பீபிக். இன்னும் இல்லை.

கொஞ்ச நேரம் போனது. பிள்ளைகள் ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்கள். எனக்கும் நல்ல பசி. மசக்கைக்குப் பிறகு வந்த பசி, தாங்காது.

"பீபிக், மீன் ஆறிடும்."

"பெலும்."

"என்ன, ரயில் தாமதமா?" என்றார் கொழுந்தனார். அவருக்கு எதுவும் வேடிக்கைதான். எல்லாரும் சிரித்தார்கள்.

பீபிக்கும் சிரித்தார். பிறகு சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோல், "சிங்கப்பூர்லேர்ந்து வரணும்ல. நேரமாகும்," என்றார்.

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு செருப்பால் மண்ணைக் கிளறினார். நான் என் புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றைப் போர்த்திக்கொண்டேன். தெருவில் எல்லா வீட்டிலும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. சோறு விறைத்திருந்தது. பீபிக் எனக்கு முதலில் பரிமாறினார்.

மறுநாளே எழுதித் திருப்பி வாங்கியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெண்மணி நெற்றியில் கை வைத்தது கண் முன் வந்தது. எழுதாமல் எழுந்துவிட்டேன். பிறகு மகன் பிறந்தான். பிறகு வாடகை வீட்டை விட்டு புக்கிட் பாருவுக்கு வந்தோம். வருஷத்துக்கு ஒரு முறை கலைக்கூடத்திலிருந்து கடிதம் வரும், படம் இன்னும் இருக்கலாமா என்று. வருஷத்துக்கு ஒரு முறை நான் பஸ் ஏறி காஜா பெராங்குக்குப் போய்க் கேட்பேன். "அம்பிக் லா," என்பார். நான் அப்படியே எழுதிவிடுவேன். கொழுந்தனார் எப்போதோ எனக்கு அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். அதையும் நான் இதுவரை கலைக்கூடத்துக்கு எழுதவில்லை. எழுதினால் சீட்டை மாற்றுவார்கள். யாராவது அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

இந்த முறை வந்த கடிதம் வேறு. கலைக்கூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். இரவல் படங்களுக்கு ஒரு முடிவு வேண்டும். திருப்பி அனுப்புவதா, கலைக்கூடமே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று இந்த மாத முடிவுக்குள் உரிமையாளரைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் பொறுப்பாளர். ஓரத்தில் கையால் ஒரு வரி. அந்த அம்மா இன்னும் வருகிறார், முட்டி வலியால் இப்போது மாதம் ஒரு முறை.

போன வாரம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். பீபிக் கொஞ்சம் இளைத்திருக்கிறார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"பீபிக், இந்தத் தடவ அப்படியே விட முடியாது. கடைசியாக் கேக்கறாங்க. திருப்பிக் குடுக்கச் சொல்லவா, அங்கேயே இருக்கட்டுமா?"

"இவளுக்குப் பல்லு வந்துடுச்சே! கடிக்கிறியா நீ?"

"பீபிக்."

"கேட்டுச்சு லா." குழந்தையின் விரலை ஒவ்வொன்றாக நீவினார். "அந்தப் பொம்பள இன்னும் வர்றாளா?"

"வர்றாங்க. மாசத்துக்கு ஒரு தரம். முட்டி வலியாம்."

"மாடிதானே அது?"

"மாடிதான்."

"புதுக் கட்டடத்துல படி கம்மியா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அதக் கேட்டு எழுது," என்றார். படத்தைப் பற்றி அவ்வளவுதான். கிளம்பும்போது மழை இருட்டியது. குடையை எடுத்து என் கையில் திணித்தார்.

கொழுந்தனார் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். வழக்கமான வேடிக்கை ஒன்றும் பேசவில்லை. அவராகவே சொன்னார். "வருஷத்துக்கு வருஷம் கதவு தெறக்க லேட்டாவுது, தங்கச்சி. இந்த வருஷம் விளக்கு வைக்கிற வரைக்கும் தெறக்கல. புள்ளைங்கள்லாம் பக்கத்து வீட்டுல போயி சாப்டுட்டாங்க. நானும்தான்."

"நீங்க கேக்கக் கூடாதா, படம் வேணுமான்னு?"

"கேட்டேனே. 'ஒனக்கென்ன, ஒன் காதுதானே அங்க இருக்கு'ன்னாங்க."

"அது வேணும்னு அர்த்தமா, வேணாம்னு அர்த்தமா?"

"நான் அவங்க கூட முப்பது வருஷமா இருக்கேன், தங்கச்சி," என்றார். "எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஒன்கிட்ட வந்து சொல்றேன்?"

பஸ் வந்துவிட்டது.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மகன் பாலர் பள்ளிக்குப் போனபின், சின்னவளைத் தூளியில் போட்டுவிட்டு, தினமும் தாளை எடுத்து வைக்கிறேன். திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினால், அந்த அம்மா அடுத்த மாதம் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து வெறும் சுவரைப் பார்ப்பார். பீபிக்கே என்னைக் கோபிக்கலாம், நான் கேட்டேனா என்று. வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் அடுத்த பார்ச்சுக்கும் அதற்கடுத்த பார்ச்சுக்கும் அவர் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர், இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரதி வரைந்து வாங்கிக் கொடேன் என்கிறார். அசலை யாருக்கு, பிரதியை யாருக்குக் கொடுப்பது? அந்த அம்மாவிடம் தகரப் பெட்டிக் கதையைச் சொல்லிவிட்டுக் கொடுப்பதா, சொல்லாமலா? கேட்காதவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர், இருவருக்கும் நடுவில் பேனாவோடு நான்.

இதைப் படிப்பவர்களில் சயாமுக்கு ஆள் போய்த் திரும்பாத வீடுகள் இருக்கும். அந்த வீட்டுப் பெண்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். உங்கள் வீட்டு முகம் ஒன்று வேறு யாருக்கோ தம்பியாகிவிட்டால், நீங்கள் அதைக் கேட்டு வாங்குவீர்களா? கேட்காமல் இருந்தால், உங்கள் சார்பில் இன்னொருத்தி கேட்கலாமா? இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போதும். மாதம் முடிவதற்குள் கிடைக்கும்படி போடுங்கள்.